ஜெர்மன் இலக்கணம் வாயில் ஏறுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி செவிலியர்களுக்கு

நர்சிங் முடித்து ஜெர்மனி போக நினைக்கும் தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கோச்சிங் சென்டர் நல்லதுக்கா?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. விதியெல்லாம் தெரிந்திருந்தும் பேசும்போது ஏன் வர மாட்டேன் என்கிறது?

நான் படித்த இடத்தில் முதல் வாரமே அட்டவணைகளைக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒப்பித்தேன். கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளில் முழு மதிப்பெண் வரும். எதிரே ஒருவர் உட்கார்ந்து ஜெர்மனில் கேள்வி கேட்டால் பதில் தொண்டையோடு நின்றுவிடும். ஒரு புது மொழியின் விதிகளை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தேடிப் படித்து, படிக்கும் முறையையே மாற்றிய பிறகுதான் பி2 வரை வர முடிந்தது. (ஜெர்மன் மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலை நிலையாக அளப்பார்கள்.) வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கப் போகிற உங்களுக்கு அந்தக் காலமும் காசும் மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. காசு கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

நாம் கற்பதெல்லாம் மூளையில் ஒரே விதமாகப் பதிவதில்லை. சொற்கள், தேதிகள், "வினைச்சொல் இரண்டாம் இடத்தில் வரும்" என்பது போன்ற தகவல்கள் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் துணையோடு பதிகின்றன. சீக்கிரம் ஏறும், சீக்கிரம் மறக்கும். யோசிக்காமல் செய்கிற பழக்கங்களுக்கு வேறொரு ஏற்பாடு இருக்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவும் நெற்றிப் பக்கத்துப் பகுதிகளும் சேர்ந்தது அது. அங்கே எதுவும் மெதுவாகத்தான் ஏறும். ஏறிவிட்டால் லேசில் போகாது. தாய்மொழியின் இலக்கணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஏற்பாட்டில் இயங்குகிறது என்பது மைக்கேல் உல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த கருத்து. பெரியவர்கள் புது மொழி கற்கும்போது முதலில் தகவல் நினைவையே நம்பியிருக்கிறார்கள், பழகப் பழகத்தான் இலக்கணம் பழக்க நினைவுக்கு மாறுகிறது என்கிறார் அவர்.

நீங்கள் ஐ.வி. போடப் பழகிய விதத்தை நினைத்துப் பாருங்கள். முதலாம் ஆண்டில் படிகளை வரிசையாக எழுதத் தெரியும், ஆனால் கை நடுங்கும். இப்போது நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டுவிடுகிறீர்கள். படிகளை நூறு முறை எழுதிப் பார்த்ததால் அந்தக் கை வரவில்லை.

இதே ஊர்களில் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. இராயக்கோட்டை தக்காளி மண்டியிலும் ஓசூர் சந்தையிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசுகிறவர்களைப் பார்க்கலாம். வேற்றுமை உருபு என்றால் என்னவென்று அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. மூன்று மொழியிலும் அதைச் சரியாகப் போடத் தெரியும்.

அதனால் பயிற்சி மையத்தில் சேரும் முன் இரண்டைக் கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் நான் வாய் திறந்து பேசுவது எத்தனை நிமிடம்? ஐம்பது பேர் உட்கார்ந்து பலகையைப் பார்த்து எழுதும் வகுப்பு என்றால், எவ்வளவு குறைந்த கட்டணமானாலும் அது நஷ்டம்தான். ஒரு டெமோ வகுப்பில் உட்கார்ந்து பார்க்காமல் மொத்தப் பணத்தையும் கட்டாதீர்கள். நிலை நிலையாக, ஏ1 முடித்து ஏ2 என்று கட்டுங்கள்.

2. ஆவண வேலையைப் படிப்போடு சேர்த்தே தொடங்குங்கள்

பி1 முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் சான்றிதழ் கையில் இருக்கும், பாஸ்போர்ட்டில் பெயர் இடிக்கும்.

பெயர்தான் நம் ஊரில் பெரிய பொறி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். நர்சிங் சான்றிதழில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். ஜெர்மன் அதிகாரிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே மற்ற சான்றிதழ்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தால் மொழித் தேர்வுப் பதிவு முதல் எல்லாவற்றிலும் அதில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு தேவைப்படலாம். அதற்குக் காலம் பிடிக்கும்.

36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1500 ரூபாய், தத்கலில் கூடுதலாக 2000 ரூபாய். இன்னொன்று, கல்லூரியிலிருந்து பாடவாரியாக எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி என்று காட்டும் பட்டியலை இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் படிப்பை ஜெர்மனியில் ஒப்பிட்டு அங்கீகரிக்கும்போது இந்த மணிக்கணக்கைப் பார்ப்பார்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். அங்கே 16 மாநிலங்கள், கேட்கும் ஆவணங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த மாநிலம் என்று தெரிந்த பிறகு, கேட்டதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

எந்த ஏஜென்சியாக இருந்தாலும் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களுக்கான அறிவிப்புகளை வெளியிடுகிறது. தனியாரிடம் போகும் முன் அதைப் பாருங்கள்.

3. எத்தனை மாதம் ஆகும்?

பெரும்பாலான மாநிலங்களில் முழுத் தகுதியுள்ள செவிலியராகப் பதிவு பெற பி2 வேண்டும். பி2 வரை வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம் சொல்லும் கணக்கு. அதாவது 450 முதல் 600 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று வைத்தால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம். டியூட்டி, திருவிழா, காய்ச்சல் எல்லாம் சேர்த்து ஒன்றரை வருடம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

"ஆறே மாதத்தில் பி2" என்ற போஸ்டரைப் பார்த்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 17 முதல் 23 மணி நேர வகுப்பு வரும். வேலையை விட்டுவிட்டுப் படிக்கிறவர்களுக்கு ஒருவேளை முடியலாம். ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு முடியாது என்றே சொல்வேன். பழக்க நினைவு மெதுவாக ஏறுவது, பணம் அதிகம் கட்டினாலும் வேகம் எடுக்காது.

வயதைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2018-இல் ஏறத்தாழ 6.7 லட்சம் பேரின் ஆங்கில இலக்கணத் திறனை வைத்து வெளியான ஒரு பெரிய ஆய்வு, இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் ஏறக்குறைய 17 வயது வரை நன்றாக இருந்து பிறகு குறைவதாகக் கணித்தது. குறைகிறது, நின்றுவிடுவதில்லை. ஜெர்மானியர் போலவே பேச வேண்டும் என்று பி2 தேர்வு கேட்கவும் இல்லை.

4. முதல் இரண்டு மாதம்: காதுக்கு வேலை கொடுங்கள்

1996-இல் அமெரிக்காவில் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளி இல்லாமல் இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எது அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே, எங்கே ஒரு சொல் முடிகிறது என்று குழந்தைகள் பிரித்துவிட்டன. அடிக்கடி சேர்ந்து வருவதை எண்ணிக்கொள்ளும் இந்த வேலையைப் பெரியவர்களின் மூளையும் செய்கிறது. எண்ணுவதற்குச் சரக்கு வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்து இல்லாமல் கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்துக் கேளுங்கள். பிறகு பேசுகிறவரோடு சேர்ந்தே சத்தமாகச் சொல்லுங்கள். அதே பதிவை இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தளத்தில் ஆரம்பப் பாடங்களும், மெதுவாக வாசிக்கும் செய்திகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இதற்குச் செலவு டேட்டா மட்டுமே.

சமைக்கும்போது பின்னணியில் மணிக்கணக்காக ஓடவிடுவதை நம்பாதீர்கள். கவனம் இல்லாமல் காதில் விழுவதில் மிகக் கொஞ்சம்தான் தங்கும். பத்தில் ஏழெட்டுச் சொல்லாவது புரிகிற பதிவாகத் தேர்ந்தெடுங்கள்.

5. ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள், தமிழ் வழியாகப் போங்கள்

இந்தப் பகுதியைத்தான் நான் பார்த்த எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

ஆங்கிலத்தில் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்லின் இடம் காட்டுகிறது. தமிழில் உருபு காட்டுகிறது. "மனிதன் நாயைக் கடித்தான்", "நாயை மனிதன் கடித்தான்" இரண்டும் நமக்கு ஒன்றுதான். ஜெர்மனும் அப்படியே: "டேர் மான் பைஸ்ட் டேன் ஹுண்ட்", "டேன் ஹுண்ட் பைஸ்ட் டேர் மான்" ('மான்' என்றால் மனிதன், 'ஹுண்ட்' என்றால் நாய்). 'டேன்' வந்துவிட்டால் நாய் செயப்படுபொருள், எங்கே நின்றாலும். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் முதலில் வரும் பெயரையே செய்தவராக எடுத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். பிறந்ததிலிருந்து உருபைப் பார்த்தே பொருள் கொண்ட மூளை உங்களுடையது. அதை ஆங்கிலத்துக்குள் நுழைத்துக் கெடுக்காதீர்கள்.

துணை வாக்கியத்தில் ஜெர்மன் வினை கடைசிக்குப் போகும். "இஹ் கொமெ நிஹ்ட், வைல் இஹ் நாஹ்ட்டீன்ஸ்ட் ஹாபெ": நான் வரவில்லை, ஏனென்றால் எனக்கு நைட் டியூட்டி இருக்கிறது. 'ஹாபெ' என்ற வினை கடைசியில் நிற்பதைப் பாருங்கள், நம்முடைய 'இருக்கிறது' மாதிரியே.

நான்காம் வேற்றுமை இன்னும் அழகு. எனக்குக் குளிர்கிறது: "மிர் இஸ்ட் கால்ட்". எனக்குத் தலை சுற்றுகிறது: "மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஹ்". எனக்குக் குமட்டுகிறது: "மிர் இஸ்ட் ஷ்லெஹ்ட்". இந்த 'மிர்' நம் 'எனக்கு'. வார்டில் நோயாளி சொல்லப் போகிற வாக்கியங்கள் இவை. ஆங்கில வழியில் படிக்கிறவர்கள் 'நான் குளிர்' என்கிற மாதிரி அமைத்துவிட்டு முழிப்பார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் ஆங்கிலம் பேசி வளர்ந்து ஸ்பானிஷ் கற்கும் மாணவர்களின் மூளை அலைகளை அளந்து 2005-இல் ஒரு ஆய்வு வந்தது. "இந்த வாக்கியம் சரியா, தவறா?" என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில் ஏறக்குறைய குருட்டாம்போக்கு. ஆனால் பிழையான சொல் வந்ததும் அவர்களின் மூளை அலை மாறியது. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி இருந்த விதிக்கும் மாறியது, தாய்மொழியில் இல்லவே இல்லாத புது விதிக்கும் மாறியது. இரண்டிலும் இருந்து, ஆனால் வேறு வேறு மாதிரி அமைந்த விதிக்கு மட்டும் மாறவில்லை.

இதிலிருந்து நான் இரண்டு பாடம் எடுத்துக்கொண்டேன். நமக்குத் தெரியும் என்று நாம் உணரும் முன்பே மூளை கற்கத் தொடங்கிவிடுகிறது. மூன்றாம் மாதத்தில் "ஒன்றும் ஏறவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்தது, பாதி ஒத்துப்போகிற விதிதான் வழுக்கும். "எனக்குப் பசிக்கிறது" என்பதற்கு 'மிர்' வராது, "இஹ் ஹாபெ ஹுங்கர்" என்று 'நான்' தான் வரும். "எனக்கு ஜெர்மன் தெரியும்" என்பதும் "இஹ் கான் டாய்ச்". முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடம்: "ஹொய்டெ ஆர்பைடெ இஹ்", இன்று வேலை செய்கிறேன் நான் என்ற வரிசை. "ஹொய்டெ இஹ் ஆர்பைடெ" என்று வருவதுதான் எல்லோருடைய வாயிலும் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும் பிழை. இப்படிப்பட்டவற்றுக்குத் தனி நோட்டு போடுங்கள். விளக்கம் எழுதாதீர்கள், உங்கள் வேலையிலிருந்து பத்துப் பத்து வாக்கியம் எழுதிச் சத்தமாகச் சொல்லுங்கள்.

6. டேர், டீ, டாஸ்

ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்டும் ஒரு முன்சொல் வரும்: ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', இரண்டும் இல்லாததற்கு 'டாஸ்'. தமிழில் பால் பொருளைப் பார்த்து வரும். ஜெர்மனில் கட்டு 'டேர் ஃபெர்பான்ட்', ஊசி 'டீ ஷ்ப்ரிட்ஸெ', காய்ச்சல் 'டாஸ் ஃபீபர்'. சிறுமி கூட 'டாஸ் மேட்ஹென்', அஃறிணை மாதிரி. காரணம் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

சொல்லின் முடிவைக் கவனியுங்கள். 'உங்' என்று முடிகிற இம்ப்ஃபுங் (தடுப்பூசி போடுதல்), ப்லூடுங் (இரத்தப்போக்கு), உன்டர்ஸூஹுங் (பரிசோதனை) எல்லாம் 'டீ'. 'ஹைட்', 'கைட்' என்று முடிபவையும் 'டீ'. சின்னது என்று காட்டும் 'ஹென்' முடிவு வந்தால் 'டாஸ்'. மற்ற சொற்களுக்கு ஒரே வழி, சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்சொல்லோடு ஒரே மூச்சில் படிப்பது. தனியாக மனப்பாடம் செய்த சொல்லுக்கு அப்புறமாக முன்சொல்லை ஒட்டுவது இரட்டை வேலை.

7. படிப்பதைக் குறைத்து, சொல்லிப் பாருங்கள்

2006-இல் மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையில், ஒரு குழு பாடத்தை மறுபடி படித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எழுதியவர்கள் முன்னால். தேர்வு உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் இல்லை.

தினம் டியூட்டியில் நடந்ததை மூன்று நிமிடம் ஜெர்மனில் பேசி போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்டு, ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தி மறுபடி பேசுங்கள். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தால் பேச்சே நின்றுவிடும். இடையில், சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றைத் திடீரென்று தவறாகச் சொல்ல ஆரம்பிப்பீர்கள். பயப்படாதீர்கள். மூளை ஒரு விதியைப் பிடித்ததும் எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும். ஜெர்மன் குழந்தைகளும், 'போ' என்ற வினையின் இறந்தகால வடிவம் 'கெகாங்கென்' என்று வர வேண்டிய இடத்தில் 'கெகேட்' என்று சொல்லித்தான் வளர்கிறார்கள்.

8. நைட் டியூட்டி வாரத்தில்

பகலில் கற்றது தூக்கத்தில் உறுதிப்படுகிறது. தூங்காமல் படிப்பது இரட்டை நஷ்டம். நைட் முடித்து வந்த காலையில் புது இலக்கணம் தொடாதீர்கள். தூங்குங்கள். எழுந்த பிறகு பழைய ஒலிப்பதிவுகள் போதும். புது விதிகளைப் பகல் ஷிப்ட் வாரத்துக்கு வைத்து, இரவு தூங்கப் போகும் முன் இருபது நிமிடம் பாருங்கள்.

9. தேர்வுப் பதிவும் தேர்வு நாளும்

நமக்குப் பக்கம் பெங்களூருவில் இந்திராநகரில் உள்ள கோதே நிறுவனம் (மேக்ஸ் முல்லர் பவன்), சென்னையில் நுங்கம்பாக்கம். பதிவு இணையத்தில். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் கார்டு, பாஸ்போர்ட் விவரம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பதிவு திறக்கும் நேரத்திலேயே உட்காருங்கள். கட்டணம் நிலைக்கு நிலை மாறும், அவ்வப்போது உயரும்; அவர்கள் தளத்தில் அன்றைய கட்டணத்தை மட்டும் நம்புங்கள். அங்கேயே வகுப்பில் படித்தவர்களுக்குக் கட்டணம் குறைவு.

பி2-வில் வாசிப்பு 65 நிமிடம், கேட்டல் சுமார் 40, எழுத்து 75, பேச்சு சுமார் 15. ஒவ்வொன்றும் தனி மாட்யூல், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். தனித்தனியாகவும் எழுதலாம். மாதிரித் தாள்கள் அவர்கள் தளத்தில் இலவசம். கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதி, கேட்டலிலும் பேச்சிலும் எழுபது வந்த பிறகு பணம் கட்டுங்கள். பதற்றத்தில் முதலில் வழுக்குவது இன்னும் பழக்கமாகாத விதிகள்தான், அந்தப் பத்து மதிப்பெண் அதற்கான இடைவெளி.

தருமபுரியிலிருந்து காலையில் கிளம்பிப் போய்த் தேர்வு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டது, ஆனாலும் இந்திராநகருக்கு வண்டி மாற வேண்டும். முந்தின நாளே போய்த் தங்கி நன்றாகத் தூங்குங்கள். தங்கும் செலவையும் தேர்வுச் செலவாகவே கணக்கில் வையுங்கள். அசல் பாஸ்போர்ட் கட்டாயம்.

சான்றிதழ் வாங்கித் தருகிறேன், தேர்வே எழுத வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் பேச்சே வேண்டாம். விசாவும் போகும், வார்டில் மருந்தின் அளவைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒருவர் உயிரும் போகலாம்.

ஒரு மாட்யூல் தவறிப்போனால் அதை மட்டும் மறுபடி எழுதுங்கள். அடுத்த தேதி கிடைத்தது என்பதற்காக உடனே போகாமல், அந்தத் திறனுக்கு மட்டும் ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுங்கள். பழைய சான்றிதழை ஏற்காத வேலை தருவோரும் உண்டு, அதனால் இடைவெளியை ஒரு வருடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தேறிய மாட்யூல்களின் சான்றிதழ்களைப் பாஸ்போர்ட் பிரதி, கல்லூரியின் மணிக்கணக்குப் பட்டியல், கவுன்சில் பதிவு ஆகியவற்றோடு ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வையுங்கள்; கடைசிச் சான்றிதழ் வந்த அன்றே அனுப்பிவிடலாம்.